பட்டியலா, முன்கணிப்பா, இரண்டுமா? நகரப் பொதுத் திட்டத்தின் கூட்டுத் தாக்கத்தை அளக்க எது சரி

சில வருடங்களுக்கு முன்னால் கலிஃபோர்னியாவில் ஒரு நகரத்தின் பொதுத் திட்டப் புதுப்பிப்புக்காகப் போக்குவரத்துக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். எக்செல் கோப்பில் ஒரு வரிசையில் கண் நின்றுவிட்டது. நகர எல்லையை ஒட்டிய மண்டலம் அது, சாலைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நகரத்தின் நிலம். வேலைவாய்ப்பு என்ற கட்டத்தில் 0 என்று இருந்தது. முந்தின வாரம்தான் அந்தச் சாலையில் போயிருந்தேன். அங்கே ஒரு பெரிய கிடங்குக்கான கான்கிரீட் சுவர்களை நிமிர்த்தி, சாய்வுக் கம்பிகளால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். கணக்கைப் பொறுத்தவரை அது இன்னும் காலி வயல். அதுவும் இன்றைக்கு மட்டுமில்லை, இருபது வருடம் கழித்தும் காலி வயல்.

அந்த 0 எப்படி அங்கே வந்தது, அதை யார் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. உங்கள் நகரத்தில் பொதுத் திட்டம் புதுப்பிக்கப்படுகிறது, திட்டக் குழுவில் இருக்கிறீர்கள், அல்லது சும்மா கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்கிற ஆள் என்றால், கூட்டுத் தாக்கத்தை எந்த முறையில் அளக்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். பின்னால் கேட்டால் பதில் வரும், ஆனால் கணக்கு மாறாது.

முதலில் சட்டம், சுருக்கமாக. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு நகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) பொதுத் திட்டம் ஒன்று வைத்திருந்தே ஆக வேண்டும். எங்கே வீடு, எங்கே கடை, எந்தச் சாலை அகலம், எது திறந்தவெளி என்று பெரும்பாலும் 20 வருடத்துக்குப் போட்டுவைக்கிற ஏற்பாடு அது. அதைப் புதுப்பிக்கும்போது 1970-இல் வந்த சீக்வா, அதாவது கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம், இதனால் காற்றும் நீரும் சத்தமும் போக்குவரத்தும் என்ன ஆகும் என்று தாக்க அறிக்கை கேட்கிறது. திட்டம் தனியாக என்ன செய்யும் என்று சொன்னால் போதாது; ஏற்கெனவே நடந்தது, இப்போது நடப்பது, நடக்கப்போவது என்று அக்கம்பக்கத்தில் உள்ள எல்லாவற்றோடும் சேர்ந்து என்ன செய்யும் என்றும் சொல்ல வேண்டும். இதுதான் கூட்டுத் தாக்கம். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறியும் என்பது நமக்குப் பழைய சங்கதி. இங்கே ஒரு சிக்கல் கூடுதல்: இறகு ஏற்றுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒவ்வொருவரும் 'என்னுடையது ஒரே ஒரு இறகு' என்பார்கள்.

இந்த வாதத்தை 1990-இல் ஹான்ஃபோர்ட் நகரம் எதிர்கொண்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலக்கரி எரிக்கும் ஒரு மின்நிலையம், அது வெளியேற்றுவது மொத்தக் காற்றுப் படுகையின் மாசில் மிகச் சிறிய பங்கு, ஆகவே பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அறிக்கை சொன்னது. நீதிமன்றம் கேள்வியையே திருப்பிப் போட்டது: காற்று ஏற்கெனவே இவ்வளவு கெட்டிருக்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா இல்லையா? அதாவது விகிதம் சிறியது என்பது பதிலே இல்லை, வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1997-இல் லாஸ் ஏஞ்சலஸில் வார்னர் சென்டர் திட்டத்தைப் பற்றிய வழக்கிலும் இதே கதை, அங்கே பிரச்சினை பள்ளிக்கூடங்களுக்குள் கேட்கும் சாலைச் சத்தம். ஏற்கெனவே இரைச்சல் அதிகம், அதனால் இன்னும் இரண்டு மூன்று டெசிபல் கூடினால் என்ன என்ற வாதம் எடுபடவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் போய், ஒரு மூலக்கூறு சேர்ந்தாலும் குற்றம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2002-இல் வந்த தீர்ப்பு ஒன்று அதையும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, அளப்பது எப்படி? சீக்வா வழிகாட்டு விதிகளின் 15130-ஆம் பிரிவு இரண்டு வழி காட்டுகிறது. ஒன்று, சம்பந்தப்பட்ட திட்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுவது. இரண்டு, ஏற்கெனவே ஏற்கப்பட்ட நகர, வட்டார அல்லது மாநில அளவிலான திட்ட ஆவணத்தில் உள்ள வளர்ச்சிக் கணிப்பைச் சுருக்கி எடுத்துக்கொள்வது. சட்டத்தில் எழுதியிராத மூன்றாவது வழி ஒன்றும் நடைமுறையில் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் என் கோபம் முழுக்க அதன்மேல்தான்.

பட்டியல் முறையின் அழகு அது கண்ணுக்குத் தெரிவது. இந்த மூலையில் 300 வீடு, அந்தச் சாலையில் கிடங்கு, ஆற்றங்கரையில் பள்ளி என்று வரைபடத்தில் புள்ளி வைக்கலாம், குடிமகன் ஒருவர் வந்து 'இதை விட்டுவிட்டீர்களே' என்று விரல் வைத்துக் காட்டலாம். பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதில் சண்டை வரும், 1984-இல் சான் ஃப்ரான்சிஸ்கோ அலுவலகக் கோபுரங்களைப் பற்றிய வழக்கு அந்தச் சண்டைதான். கட்டிக்கொண்டிருப்பதையும் ஒப்புதல் பெற்றதையும் மட்டும் எண்ணிவிட்டு, விண்ணப்பம் கொடுத்துப் பரிசீலனையில் இருந்தவற்றை நகரம் விட்டிருந்தது. நீதிமன்றம் அது போதாது என்றது. அன்றிலிருந்து 'நடக்க வாய்ப்புள்ள எதிர்காலத் திட்டம்' என்றால் மேசையில் கோப்பாகக் கிடப்பதும் அடக்கம்.

ஆனால் பொதுத் திட்டத்துக்குப் பட்டியல் மட்டும் போட்டால் என்ன ஆகும்? இன்றைக்கு யாரிடம் விண்ணப்பம் இருக்கிறதோ அதுதான் பட்டியல். அது மூன்று வருடம், நான்கு வருடத்துக்குச் சரி. திட்டமோ இருபது வருடத்துக்கு. எட்டாவது வருடத்தில் வரப்போகிற கட்டுமானத்துக்கு இன்னும் நிலம்கூட கைமாறியிருக்காது, அதைப் பட்டியலில் எப்படிப் போடுவது? அப்புறம் பட்டியல் எடுப்பது சொல்வது மாதிரி லேசான வேலை இல்லை. ஐந்து பக்கத்து நகரங்கள் இருந்தால் ஐந்துக்கும் போன் போட வேண்டும், ஒன்று பிடிஎஃப் அனுப்பும், ஒன்று இணையத்தில் இருக்கிறது பாருங்கள் என்னும், அங்கே போய்ப் பார்த்தால் இரண்டு வருடமாகப் புதுப்பிக்காத பக்கம், அதில் பாதி கைவிடப்பட்ட திட்டங்கள். தயாரிப்பு அறிவிப்பு, அதாவது தாக்க அறிக்கை தயாரிக்கப்போகிறோம் என்று நகரம் முதலில் விடும் அறிவிப்பு, வெளியான தேதியோடு பட்டியலை மூடுவது வழக்கம், அறிக்கை வெளிவர ஒன்றரை இரண்டு வருடம் ஆகிறது, அதற்குள் பட்டியலுக்கு வயதாகிவிடும்.

முன்கணிப்பு முறை இதற்கு நேர் எதிர். வட்டார அமைப்புகள் தயாராகக் கணக்கு வைத்திருக்கின்றன. தெற்கே ஸ்கேக் என்கிற தெற்குக் கலிஃபோர்னியா அரசுகள் சங்கம் 6 கவுண்டி, 191 நகரங்களுக்கும், சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் எம்டிசி என்கிற பெருநகரப் போக்குவரத்து ஆணையமும் அபேக் என்கிற வளைகுடாப் பகுதி அரசுகள் சங்கமும் சேர்ந்து 9 கவுண்டி, 101 நகரங்களுக்கும் மக்கள்தொகை, வீடு, வேலைவாய்ப்பு எங்கே எவ்வளவு கூடும் என்று மண்டலம் மண்டலமாகக் கணித்து, நான்கு வருடத்துக்கு ஒரு முறை வட்டாரப் போக்குவரத்துத் திட்டத்தோடு புதுப்பிக்கின்றன. இருபது வருடம், இருபத்தைந்து வருடம் தாண்டியும் பார்க்கிற கணக்கு. காற்று வாரியத்தின் மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமும் பெரும்பாலும் இதே கணிப்பின்மேல்தான் நிற்கிறது, ஆகவே எல்லாரும் ஒரே எண்ணில் பேசுகிறார்கள். பொதுத் திட்டத்துக்கு முதல் தேர்வு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறை எங்கே என்றால், கணிப்பு வட்டாரத்துக்குச் சரியாக இருக்கும், தெருமுனைக்குச் சரியாக இருக்காது. மொத்த எண்ணை மேலிருந்து பிரித்துக் கீழே போடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு எத்தனை வேலை என்பது பெரும்பாலும் அந்தந்த நகரம் கொடுத்த பழைய பொதுத் திட்டத்தையும் ஏதோ ஒரு வருட நிலப் பயன்பாட்டுக் கோப்பையும் வைத்து எழுதியது. பக்கத்து நகரம் போன வருடம் ஒரு வயலைத் தொழிற்பகுதியாக மாற்றியிருந்தால் அது அடுத்த பதிப்பில்தான் ஏறும். நான் பார்த்த 0 அப்படி வந்ததுதான். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் மறைக்கவில்லை, கணிப்பு ஏற்கப்பட்ட பிறகு கிடங்கு ஒப்புதல் பெற்றது, அவ்வளவே.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியலாம். ரிவர்சைட், சான் பெர்னார்டினோ கவுண்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். மொரேனோ வேலியில் 2015-இல் ஒப்புதல் பெற்ற வேர்ல்ட் லாஜிஸ்டிக்ஸ் சென்டர் என்ற கிடங்கு வளாகம் ஒன்றே சுமார் 4 கோடி சதுர அடி. அந்த அளவுள்ள ஒன்று பக்கத்து நகரத்தின் எல்லைக்குள் வந்தால், உங்கள் நகரத்தின் வழியாகத்தான் லாரி நெடுஞ்சாலைக்குப் போகும், உங்கள் பொதுத் திட்டம் அந்தச் சாலையோரத்தில் குடியிருப்பு போட்டிருக்கும், உங்கள் தாக்க அறிக்கையில் அந்த லாரி இருக்காது. வட்டாரத் தொகை சரிதான், தவறு ஒரே ஒரு சாலையில், ஆனால் ஜன்னலைத் திறக்கப்போகிறவர் அந்த ஒரு சாலையில்தான் குடியிருக்கிறார்.

கணிப்பு என்று சொல்லிவிட்டால் அதற்குள் இன்னொரு முடிவும் ஒளிந்திருக்கிறது. நிலப் பயன்பாட்டு வரைபடம் அனுமதிக்கிற அத்தனையும் கட்டி முடித்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதா, இல்லை 2045, 2050 என்று ஒரு வருடம் வைத்து அதற்குள் சந்தை எவ்வளவு கட்டும் என்று பார்ப்பதா? முழுக் கட்டுமானக் கணக்கு பெரிய எண் கொடுக்கும், நகரமன்றம் அதைப் பார்த்துப் பயப்படும், 'இதெல்லாம் நடக்கவே நடக்காது' என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இலக்கு வருடக் கணக்கில் வேறு அபாயம்: வரைபடம் 20,000 வீட்டுக்கு இடம் கொடுக்கிறது, அறிக்கை 9,000 வீட்டைத்தான் ஆராய்ந்தது என்று வையுங்கள், 9,001-ஆவது வீடு வரும்போது அறிக்கையின் நிழல் அதற்கு விழுமா? யாராவது எண்ணிக்கொண்டு வர வேண்டும், எண்ணுகிறவர்கள் குறைவு. நான் இலக்கு வருடக் கணக்கின் பக்கம்தான், ஆனால் அறிக்கையில் எத்தனை வீடு, எத்தனை வேலை என்ற வரம்பு எண்ணாக எழுதப்பட்டு, வருடாவருடம் எவ்வளவு தீர்ந்தது என்று நகரம் கணக்குக் காட்டினால் மட்டும்.

எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. புதிய திட்டம் பழைய திட்டத்தைவிடக் குறைவாகத்தான் கட்ட அனுமதிக்கிறது, ஆகவே தாக்கம் குறைவு என்று எழுதுவது பழைய வித்தை. எல் டொராடோ கவுண்டி வழக்கில் 1982-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது: தாளில் இருக்கும் பழைய திட்டத்தோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது, தரையில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதோடு ஒப்பிட வேண்டும். இன்னமும் வரைவு அறிக்கைகளில் இந்த வாதம் வேறு சட்டை போட்டுக்கொண்டு எட்டிப்பார்க்கும்.

இனி அந்த மூன்றாவது வழி. 'பொதுத் திட்டம் என்பதே நகரம் முழுமைக்கும், இருபது வருடத்துக்குமான வளர்ச்சி. ஆகவே முந்தைய அத்தியாயங்களில் செய்த ஆய்வே இயல்பில் கூட்டுத் தாக்க ஆய்வுதான்' என்று ஒரு பத்தி. முடிந்தது. மூவாயிரம் பக்க அறிக்கையில் கூட்டுத் தாக்கத்துக்கு ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் அரைப் பக்கம், அதிலும் பாதி முந்தின அத்தியாயத்திலிருந்து ஒட்டியது. இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு, அதுதான் எரிச்சல். நகர எல்லைக்குள் இருக்கிற எல்லாம் சேர்ந்து என்ன ஆகும் என்பதை அது உண்மையிலேயே சொல்கிறது. ஆனால் காற்றுக்கு நகர எல்லை தெரியாது, நிலத்தடி நீருக்குத் தெரியாது, லாரிக்கு நிச்சயமாகத் தெரியாது. எல்லைக்கு வெளியே இருப்பதைச் சேர்ப்பதுதான் கூட்டுத் தாக்கத்தின் உயிரே, அதை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கூட்டிக் காட்டினால் அது வீட்டுக்கணக்கு, ஊர்க்கணக்கு ஆகாது. மலிவு, வேகம் என்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் தேர்வு கலப்பு: அடித்தளத்துக்கு முன்கணிப்பு, அதன்மேல் பட்டியலை வைத்துத் திருத்தம், எது எங்கே என்பது தலைப்பைப் பொறுத்தது. இதை எல்லாரும் சொல்வார்கள், செய்யும்போதுதான் பிசகுவார்கள், அதனால் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்.

பசுங்குடில் வாயுவுக்குப் பட்டியல் போடுவது நேர விரயம். அது உலகம் முழுதும் சேர்ந்த பிரச்சினை, ஒரு நகரத்தின் பங்கு எப்போதுமே கூட்டுப் பங்குதான், மாநில இலக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. தலைக்கு எத்தனை மைல் வண்டி ஓடுகிறது என்ற கணக்கும் ஏறக்குறைய இதே மாதிரி. எஸ்பி 743 சட்டத்தின்படி 2020 ஜூலையிலிருந்து சந்திப்பு நெரிசலுக்குப் பதில் வண்டி ஓடும் மைல்தான் அளவுகோல், தலைவீதம் அளக்கும் வரம்பில் தனித் தாக்கம் இல்லை என்றால் கூட்டுத் தாக்கமும் இல்லை என்பது மாநிலத்தின் 2018 ஆலோசனைக் குறிப்பின் நிலை. இதில் எனக்கு ஒரு சின்ன முணுமுணுப்பு உண்டு: மைல் கணக்கு வந்தபின் கிடங்கு லாரிகள் பல அறிக்கைகளில் காணாமல் போய்விட்டன, ஏனென்றால் அந்தக் கணக்கு முக்கியமாகக் கார்களையும் சிறு வண்டிகளையும் பார்க்கிறது.

நீருக்கு முன்கணிப்புதான். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை போடும் நகர்ப்புற நீர் மேலாண்மைத் திட்டம் இருக்கிறது, 2014-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் படுகைத் திட்டங்கள் இருக்கின்றன, கடுமையாக வற்றிய படுகைகள் 2040-க்குள் சமநிலைக்கு வர வேண்டும் என்று காலக்கெடுவும் இருக்கிறது. இங்கே கேட்க வேண்டியது ஒன்றே: நீர்த் திட்டம் எண்ணிய மக்கள்தொகையும் உங்கள் பொதுத் திட்டம் எண்ணும் மக்கள்தொகையும் ஒன்றா? நீர்த் திட்டம் பழைய பொதுத் திட்டத்தை வைத்துப் போட்டதாக இருக்கும், புதுத் திட்டம் அதை வைத்து 'நீர் இருக்கிறது' என்னும். சுற்றிச் சுற்றி வருகிற சான்றிதழ்.

உயிரினங்களுக்கு வட்டார வாழிடத் திட்டம் இருந்தால், சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில் 2013-இல் நடைமுறைக்கு வந்தது மாதிரி, அதையே பிடித்துக்கொள்ளலாம். தொல்லியல், காட்சி அழகு இதெல்லாம் இடத்தோடு நின்றுவிடுகிற சமாச்சாரம், நீட்ட வேண்டாம்.

பட்டியல் தன் கூலிக்கு வேலை செய்வது சாலைச் சத்தம், டீசல் புகை, எல்லையோரச் சாலைகள் மூன்றிலும்தான். சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமும் லாரி விகிதமும் மாறாமல் போக்குவரத்து இரட்டித்தால் சுமார் 3 டெசிபல் கூடும், காது அதை அப்போதுதான் கவனிக்கத் தொடங்கும். உங்கள் திட்டத்தால் 1 டெசிபல், பக்கத்து நகரத்தால் 2 டெசிபல் என்றால், தனித்தனியாகப் பார்க்கிற இரண்டு அறிக்கையும் 'உணர முடியாது' என்று எழுதும், அந்த வீட்டில் படுத்திருப்பவர் மட்டும் உணர்வார். இங்கே இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டும்: எல்லாம் சேர்ந்து வரம்பைத் தாண்டுகிறதா? தாண்டினால், அதில் நம் பங்கு கணிசமா? இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து எழுதியிருந்தால் பெரும்பாலும் முதல் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று அர்த்தம்.

செலவு? கலப்பு முறைக்குக் கூடுதலாகச் சில வாரம் ஆகும், அவ்வளவுதான். எல்லையை ஒட்டி இரண்டு மூன்று மைலுக்குள் உள்ள மண்டலங்களை மட்டும் எடுத்து, பக்கத்து நகரங்களின் பட்டியலோடு வரிசை வரிசையாக ஒப்பிட்டு, கணிப்பில் ஏறாததைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஏறியதை மறுபடி சேர்த்தால் இரட்டை எண்ணிக்கை, அதுதான் இந்த முறையின் ஒரே வழுக்கல். நான் அந்த 0-வைச் சொன்னபோது முதலில் வந்த பதில் 'வட்டாரக் கணிப்பை நாம் தொடக் கூடாது' என்பது. தொடலாம். வட்டாரக் கணினி மாதிரி போன்றவற்றின் கூடுதல் தகவலால் கணிப்பை நிறைவுசெய்யலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், இந்த அத்தியாயத்தைத்தான் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அடகு வைப்பார்கள். பொதுத் திட்டத்துக்கு ஒத்துப்போகிற கட்டுமானம், வட்டாரக் கூட்டுத் தாக்கம் ஏற்கெனவே ஆராயப்பட்டுவிட்டது என்று நகரம் முடிவுசெய்தால், அதை மறுபடி ஆராய வேண்டியதில்லை. அதற்கு மேல் 2025 ஜூனில் வந்த ஏபி 130 என்ற மாநிலச் சட்டம், நகருக்குள் 20 ஏக்கர் வரை உள்ள பல குடியிருப்புத் திட்டங்களுக்கு, நிபந்தனைகளோடு, சீக்வாவிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டது. வீட்டுப் பஞ்சத்தைப் பார்த்தால் அந்த விலக்கு எனக்குத் தவறாகப் படவில்லை. ஆனால் தனித்தனி வீட்டுத் திட்டத்தில் கேட்க முடியாத கேள்வியைக் கேட்பதற்கு இனி மிஞ்சுவது பொதுத் திட்டம் மட்டும்தான்.

கேட்பதற்கு நேரம் தயாரிப்பு அறிவிப்பு வந்த 30 நாள். அப்போது இரண்டு பொருள் கேளுங்கள்: தலைப்பு வாரியாக எந்த எல்லைக்குள் கூட்டுத் தாக்கம் பார்க்கிறார்கள் என்ற வரைபடம், எந்தக் கணிப்பின் எந்தப் பதிப்பு என்ற விவரம். வரைவு வந்தபின் வழக்கமாகக் கிடைக்கிற 45 நாளில் குறை சொல்லலாம், ஆனால் அதற்குள் கணினி மாதிரி ஓடி முடிந்திருக்கும், திரும்ப ஓட்டப் பணம் இருக்காது.

என் தேர்வு எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கட்டி முடிந்த சின்ன நகரம், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அதே மாதிரி கட்டி முடிந்த நகரங்கள், அக்கம்பக்கத்தில் பெரிய விண்ணப்பம் எதுவும் இல்லை என்றால் முன்கணிப்பு மட்டும் வைத்து முடித்துவிடலாம், பட்டியலுக்கு ஆள் போட்டுச் செலவு செய்ய வேண்டாம். எல்லையில் ஒரு காலி வயல் இருந்தால் மட்டும், அறிக்கையைத் திறக்கும் முன் ஒரு தடவை காரில் போய் அந்த வயலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.